எங்கள் அடுக்ககத்துக்கு நாங்களே போட்ட மராமத்துக் கணக்கு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரையைத் தாண்டி வந்தது. நெல்லை வண்ணாரப்பேட்டையில் எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் இடுப்பளவுத் தண்ணீர். வாட்ச்மேன் அண்ணாச்சி முதல் நாளே லிஃப்டை மேல்மாடிக்கு ஏற்றி நிறுத்தி மெயினை அணைத்துவிட்டார். அதனால் பெட்டி தப்பியது. குழிக்குள் இருந்த சுவிட்சுகள், சம்ப் மோட்டார் இரண்டு, மின்சாரப் பலகை, கேமரா பெட்டி எல்லாம் சேறாகிப் போயின. சரிசெய்ய 2,64,000 ரூபாய் ஆனது. 24 வீடு. தலைக்கு 11,000 ரூபாய், ஒரே வாரத்தில் வேண்டும்.

அந்தச் சமயத்தில் சங்கத்தின் பெயரில் 6,40,000 ரூபாய் வைப்பு நிதியில் இருந்தது. வீடு வாங்கியபோது ஆளாளுக்குக் கொடுத்த கார்பஸ் பணமும் அதன் வட்டியும். அதில் எடுக்கலாமே என்று பாதிப்பேர், அதைத் தொடவே கூடாது என்று பாதிப்பேர். நான் பொருளாளர். கூட்டுறவு வங்கியில் முப்பது வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். "இந்தப் பணம் எதுக்குன்னு வச்சிருக்கோம்?" என்று ஒருவர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் சங்கம் 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானது. வருடா வருடம் தணிக்கை செய்த கணக்கு இருக்கிறது. ஆனால் அது போன வருடம் என்ன செலவானது என்று மட்டும்தான் சொல்லும். இனிமேல் எந்த வருடம் என்ன செலவு வரும் என்று சொல்லும் தாள் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

முதல் மாடி ஆச்சி அந்தப் பதினோராயிரத்தை நான்கு தவணையாகக் கொடுத்தார்கள். குடும்ப ஓய்வூதியம்தான் அவர்களுக்கு வருமானம். ஒவ்வொரு தவணையும் கொடுக்கும்போது "மன்னிச்சிக்கோம்மா" என்று சொல்லிக் கொடுத்தார்கள். அது என்னை மிகவும் வருத்தியது. மன்னிப்புக் கேட்க வேண்டியது அவர்களா?

வழி காட்டியது கலிபோர்னியாவில் இருக்கும் என் தம்பி மகள். அவளுடைய குடியிருப்புச் சங்கம் அனுப்பிய ஒரு அறிக்கையைப் போனில் காட்டினாள். ரிசர்வ் ஸ்டடி என்று பெயர். பொதுச் சொத்தில் தேய்ந்து போகிற ஒவ்வொன்றையும் எழுதி, அதன் ஆயுள் எவ்வளவு, இன்னும் எத்தனை வருடம் தாங்கும், மாற்ற என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு, அதற்கு இப்போதிருந்தே எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று சொல்வது. அந்த மாநிலச் சட்டப்படி மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது கட்டடத்தை நேரில் பார்த்து இதைச் செய்ய வேண்டும், வருடா வருடம் சரிபார்க்க வேண்டும். புளோரிடாவில் 2021 ஜூன் 24 அன்று சர்ப்சைடு என்ற ஊரில் ஒரு அடுக்ககம் இடிந்து 98 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் அங்கே மூன்று மாடிக்குக் குறையாத அடுக்ககங்களுக்குக் கட்டட உறுதியைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வைக் கட்டாயமாக்கினார்கள். அங்கே இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நாங்களே செய்துவிடுவது என்று முடிவெடுத்தோம். நான், செயலாளர், மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு சிவில் டிப்ளமா தம்பி. ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆனது.

முதல் ஞாயிறு வீணாகத்தான் போனது. பல்பு, தண்ணீர்க் குழாய்த் திருகு, மாடிப்படிக் கைப்பிடி என்று 90 வரி எழுதிவிட்டோம். அப்புறம் தம்பி மகள் சொன்ன நான்கு கேள்விகளை ஒவ்வொரு வரிக்கும் கேட்டோம். இது சங்கத்தின் பொறுப்பா, தனி வீட்டுக்காரர் பொறுப்பா? இதற்கு முடிவான ஆயுள் உண்டா? எப்போது முடியும் என்று ஓரளவாவது சொல்ல முடியுமா? மாற்றும் செலவு பெரியதா? நாங்கள் 20,000 ரூபாய்க்குக் கீழே உள்ளதை மாதாந்திரப் பராமரிப்பிலேயே விட்டுவிட்டோம். பால்கனிக் கம்பி, ஜன்னல் எல்லாம் வீட்டுக்காரர் பக்கம் போயின. 90 வரி ஏழானது. வெள்ளமும் பட்டியலிலிருந்து போனது. அது எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாதே. அதற்குக் காப்பீடுதான் பார்க்க வேண்டும், அது தனி வேலை. வெள்ளத்தால் தொடங்கிய காரியத்தில் வெள்ளத்துக்கே இடமில்லை என்பதை ஒத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இரண்டாவது ஞாயிறு தட்டட்டிக்குப் போனோம். எங்கள் பக்கம் மொட்டை மாடியை அப்படித்தான் சொல்வோம். காலை ஆறரைக்கே ஏறிவிட்டோம், எட்டு மணிக்கு மேல் அங்கே கால் வைக்க முடியாது. டேப் பிடித்து அளந்ததில் 4,200 சதுர அடி. தட்டை ஓடு பதித்த தளம். டிப்ளமா தம்பி ஒரு பழைய ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து ஓடு ஓடாகத் தட்டிக்கொண்டே போனான். நன்றாகப் பிடித்திருக்கும் ஓடு கெட்டியான சத்தம் கொடுக்கும், அடியில் காரை விட்டுப்போன ஓடு பானையைத் தட்டுவது போல டொங்கென்று கேட்கும். டொங்கென்ற இடத்தில் எல்லாம் சாக்பீஸில் வட்டம் போட்டேன். முடித்து நிமிர்ந்து பார்த்தபோது வட்டங்கள் பெரும்பாலும் மேற்குப் பக்கம், தண்ணீர்த் தொட்டியின் அடியில்தான் இருந்தன. தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீர் வருடக்கணக்காக அங்கேதான் விழுந்திருக்கிறது. மழைத் தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் ஒரு அரசங்கன்று. பிடுங்கினால் வேர் விரல் நீளத்துக்குச் சுவருக்குள் போயிருந்தது. நான்காம் மாடி வீட்டில் படுக்கையறைக் கூரை கசிவதாக இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அது நேர் கீழே. மிதவை வால்வு ஒன்று மாற்றியிருந்தால் போதும்.

தொட்டிப் பக்கம் போகிற இரும்புக் குழாயில் ஒரு அடி நீளம் முன்பே வெட்டி மாற்றியிருந்தார்கள். வெட்டிய துண்டை வாட்ச்மேன் அண்ணாச்சி ஏணியடியில் போட்டு வைத்திருந்தார். எடுத்து உள்ளே பார்த்தேன். இரண்டு அங்குலக் குழாய். போர்வெல் தண்ணீரின் உப்பும் துருவும் சுற்றிப் படிந்து நடுவில் சுண்டுவிரல் போகிற ஓட்டை மட்டும் மிச்சம். மோட்டார் முன்னைவிட அதிக நேரம் ஓடுகிறது, கரண்ட் பில் ஏறுகிறது என்று நான் கணக்கில் பார்த்ததன் காரணம் கையில் இருந்தது. ஆற்றுத் தண்ணீர் ஓடும் குழாயில் இப்படி இல்லை. அந்தத் துண்டைச் சங்கத்தின் பேரவைக் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன், பத்துத் தாள் கணக்கு செய்யாத வேலையை அது செய்தது.

விலை கேட்பதுதான் சிரமமாக இருந்தது. "இப்ப வேலை இல்லன்னா எதுக்கு மதினி கொட்டேசன்?" என்று கேட்டார் பெயின்ட் காண்டிராக்டர். நியாயம்தான். அடுத்த வருடம் வேலை, உங்களையும் கூப்பிடுவோம் என்று உள்ளதைச் சொன்னேன். வந்து அளந்தார். வெளிச்சுவர் 20,000 சதுர அடி, சாரம் கட்டி இரண்டு கை அடிக்க அடிக்கு 24 ரூபாய், ஆக 4,80,000. பழைய கோப்பில் 2018இல் அடித்த பில் கிடைத்தது, 3,40,000. அதே சுவர், அதே அளவு. ஆறு வருடத்தில் ஏறியது வருடத்துக்கு ஏறக்குறைய 6 சதவீதம். எந்த அறிக்கையிலும் தேடாமல் எங்கள் விலையேற்றக் கணக்குக்கு எங்கள் பில்லையே ஆதாரமாக வைத்துக்கொண்டோம்.

கட்டடம் 2009இல் முடிந்தது, நாங்கள் கணக்குப் போட்ட 2024இல் 15 வயது. தட்டட்டி ஓட்டைப் பெயர்த்துப் போட 4,20,000, ஆயுள் 20 வருடம். லிஃப்டில் கயிறு, கன்ட்ரோலர், கதவு மாற்ற 8 லட்சம், அதற்கும் 20 வருடம் வைத்தோம். ஜெனரேட்டர் 5 லட்சம், 20. குழாய் 2 லட்சம், 20. போர் மோட்டார் 60,000, எட்டு வருடம், நான்கு முடிந்துவிட்டது. பெயின்ட் ஏழு வருடம், ஆறு முடிந்தது. சம்ப் மோட்டார் இரண்டும் புதிது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதுதான் என் கண்ணைத் திறந்தது. ஒரு பொருளின் விலையை அதன் வயதால் பெருக்கி ஆயுளால் வகுக்க வேண்டும். 8 லட்சம் ஆகிற லிஃப்ட் வேலையில் 20இல் 15 வருடம் தேய்ந்திருந்தால், 6 லட்சம் ரூபாய் அளவுக்கு நாம் ஏற்கனவே ஏறி இறங்கித் தீர்த்துவிட்டோம். அந்த 6 லட்சம் கையில் இருந்திருக்க வேண்டும். ஏழு வரிக்கும் இப்படிக் கூட்டினால் 18,81,000 வந்தது. எங்களிடம் இருந்தது 6,40,000. நூற்றுக்கு 34. அமெரிக்காவில் 70க்கு மேல் இருந்தால் பலம், 30க்குக் கீழே போனால் ஆபத்து என்று பொதுவாகச் சொல்வார்களாம். நல்ல நிலையில் இருக்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வைப்பு நிதி இது.

அப்புறம் வருடவாரியாகப் போட்டேன். 2025இல் பெயின்ட், 2028இல் போர் மோட்டார், 2029இல் தட்டட்டி, லிஃப்ட், ஜெனரேட்டர், குழாய் நான்கும் ஒன்றாக. விலையேற்றம் சேர்க்காமலே வீட்டுக்கு மாதம் 1,264 ரூபாய் ஐந்து வருடம் சேர்க்க வேண்டும் என்று வந்தது. பராமரிப்பே 1,500 தான் வாங்குகிறோம். இதைக் கொண்டுபோய்க் கூட்டத்தில் வைத்தால் சண்டைதான் என்று தெரியும். மறுபடி உட்கார்ந்தோம். ஜெனரேட்டர் ஓடிய மணிக்கணக்கைப் பார்த்தோம், மிகக் குறைவு. மேடையில் இருந்ததால் வெள்ளமும் தொடவில்லை. மெக்கானிக்கைக் கேட்டு அதை 2034க்குத் தள்ளினோம். லிஃப்டைத் தள்ளலாமா என்று செயலாளர் கேட்டார், நான் மறுத்துவிட்டேன். ஆட்கள் தொங்குகிற கயிற்றில் கணக்கை இழுக்கக் கூடாது.

வருடத்துக்கு 6 சதவீதம் விலை ஏறினால் 2024இன் 8 லட்சம் 2029இல் 10,70,000 ஆகும். அதையும் வட்டியையும் சேர்த்து, மாதம் 1,000 வீதம் சேர்த்தால் 2029இல் மட்டும் ஒரு லட்சத்துச் சொச்சம் துண்டு விழுந்தது. 2028இல் ஒரு தடவை வீட்டுக்கு 6,000 வாங்கினால் சரியாகிவிடும். முப்பது வருடத்துக்கும் வரி போட்டிருக்கிறேன், ஆனால் நான் நம்புவது முதல் பத்தைத்தான்.

பேரவைக் கூட்டம் இரண்டரை மணி நேரம் நடந்தது. "நான் ரெண்டு வருசத்துல வித்துட்டுப் போயிருவேன், 2029ல மாத்துத லிஃப்டுக்கு நான் எதுக்குக்கா குடுக்கணும்?" என்று கேட்டார் ஒருவர். இதை எதிர்பார்த்திருந்தேன். "ஒம்பது வருசமா நீங்க ஏறி இறங்குத லிஃப்டுதானே தம்பி தேயுது. அந்தத் தேய்மானத்த வாங்க வாரவன் தலையில கட்டலாமா?" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் எதிர்த்து ஓட்டும் போடவில்லை. ஆச்சிதான் எழுந்து பேசினார்கள். "மாசம் ஆயிரம்னா பென்சன்ல மொதல்லயே எடுத்து வச்சிருவேன்மா. திடுதிப்புனு பதினோராயிரம்னா யாருகிட்ட போயி நிக்கது?" அதற்கப்புறம் பெரிதாக யாரும் மறுக்கவில்லை. 19 பேர் ஆதரவு.

பணத்தைப் பராமரிப்புக் கணக்கோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைத்தோம். தீர்மானத்திலேயே பட்டியலில் உள்ள வேலைக்கு மட்டும் என்று எழுதினோம். இன்னொன்றும் செய்தேன். வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒரு கணக்குதாரருக்கு 5 லட்சம் வரைதான். எங்கள் 6,40,000 முழுவதும் ஒரே வங்கியில் கிடந்தது. அதை இரண்டு வங்கியாகப் பிரித்து, செலவு வருகிற வருடத்திலேயே முதிர்வடைகிற மாதிரி வைப்புகளை மாற்றினேன். வங்கியில் இருந்தவளுக்கே இது இத்தனை நாள் தோன்றவில்லையே என்று வருத்தம்தான்.

2025 சித்திரையில் பெயின்ட் வேலை தொடங்கினோம். ஆனிக் காற்று எழும் முன் சாரத்தை இறக்கிவிட வேண்டும் என்று வாட்ச்மேன் அண்ணாச்சி நினைவுபடுத்திக்கொண்டே இருந்தார். நாங்கள் போட்டது 5,09,000, பில் வந்தது 5,16,000. தெற்குச் சுவரில் விரிசல் அடைக்க ஆன செலவு நான் எழுதாமல் விட்டது. அடுத்த முறைக்கு அந்த வரியைச் சேர்த்துவிட்டேன். யாரிடமும் தனியாக ஒரு ரூபாய் கேட்கவில்லை.

ஒவ்வொரு புரட்டாசியிலும் ஐப்பசி மழைக்கு முன் மூன்று பேரும் தட்டட்டி ஏறுவது என்று வைத்திருக்கிறோம். இந்த வருடம் ஏறியபோது சாக்பீஸ் வட்டங்களைவிட நான்கு ஓடு கூடுதலாக டொங்கென்றது. மிதவை வால்வு மாற்றியாகிவிட்டது, ஆனாலும் தட்டட்டியை 2029இலிருந்து 2028க்குக் கொண்டுவர வேண்டியிருக்குமோ என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். கொண்டுவந்தால் 2028இல் வாங்க இருக்கும் 6,000 ரூபாயை 2027க்கு மாற்ற வேண்டும். அதை இப்போதே அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன்.