32 கிலோ டால்டனில் ஒரு பழுப்புக் கோடு

எலிக்காய்ச்சல் வந்தவரின் உடல், லெப்டோஸ்பைரா கிருமியில் எந்தப் புரதத்தை எதிர்த்து எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது? இதுதான் என் ஆய்வின் கேள்வி. கிருமிக்கோ அவசரமே கிடையாது. ஈஎம்ஜேஎச் என்ற வளர்ப்பு ஊடகத்தில், 30 டிகிரியில், வாரக்கணக்கில் காத்திருந்தால்தான் வேலைக்கு ஆகிற அளவு கிடைக்கும்.

முதலில் கிருமியை முழுசாக உடைத்து, புரதங்களை எடைவாரியாக வரிசைப்படுத்தும் ஜெல்லில் ஓட்டினேன். புரதங்களை நைட்ரோசெல்லுலோஸ் சவ்வுக்கு மாற்றி, நோயாளியின் சீரத்தில் (எதிர்ப்பொருள்கள் இருக்கும், ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) ஊறவைத்து நிறமேற்றியதும், எதிர்ப்பொருள் ஒட்டிய இடங்களில் ஏகப்பட்ட கோடுகள். அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் ஆரோக்கியமானவரின் சீரத்தில் ஊறிய துண்டிலும் சில கோடுகள் இருந்தன! நோய் தராத லெப்டோஸ்பைராக்கள் மண்ணிலும் தண்ணீரிலும் நிறைய உண்டு; அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள் ஆரோக்கியமானவரிடமும் இருக்கலாம். கிருமி நகர உதவும் கசையிழைகளின் புரதங்கள் அவற்றிலும் ஏறக்குறைய இதேபோலத்தான் இருக்கும். வெளிச்சவ்வுப் புரதங்களைத் தனியாகப் பிரிக்காமல் எதையும் சொல்ல முடியாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பிரிப்பதற்கு டிரைட்டான் எக்ஸ்-114 என்ற சோப்பு மாதிரியான பொருள். குளிரில் இது தண்ணீரோடு கலந்து தெளிவாக இருக்கும். அந்த நிலையில் சென்ட்ரிபியூஜில் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவி) சுற்றினால் கசையிழைகள் கரையாத வண்டலோடு அடியில் போய்விடும். மேலே நிற்கும் தெளிவை 37 டிகிரியில் வைத்தால் கண்ணெதிரே பால் மாதிரி கலங்கும். மறுபடி சுற்றினால் குழாயின் அடியில் எண்ணெய்ச் சொட்டுபோல ஒரு துளி. வெளிச்சவ்வின் லிப்போபுரதங்கள், அதாவது கொழுப்பு ஒட்டிய புரதங்கள், அதற்குள்தான் இருக்கும்.

என் குழாயில் அந்தத் துளியே இல்லை. முன்னால் வேலை செய்தவர் சென்ட்ரிபியூஜை 4 டிகிரியில் விட்டுப் போயிருந்தார், நான் பார்க்கவில்லை. மூன்று வார உழைப்பு போச்சு என்று கொட்டப் போனேன். பக்கத்து மேசை அக்கா கையைப் பிடித்துத் தடுத்தார். "குளிர்ல திரும்பக் கலந்திருக்கு, அவ்வளவுதான். மறுபடி சூடுபண்ணு." இதமான சென்ட்ரிபியூஜில் சுற்றியதும் துளி வந்துவிட்டது.

அந்தத் துளியை ஓட்டிய சவ்வில், 32 கிலோ டால்டனில் (புரதத்தின் எடையைச் சொல்லும் அளவு) அழுத்தமான ஒரு பழுப்புக் கோடு. லிப்எல்32. வெளிச்சவ்வில் மிக அதிகமாக இருக்கும் புரதம், நோய் தராத வகைகளில் கிடையாது. ஆரோக்கியமானவரின் துண்டு வெறுமையாக இருந்தது.

அப்புறம் இன்னொன்று. ஒரு நோயாளியின் சீரத்திலும் கோடு விழவில்லை. காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் எடுத்த ரத்தம் அது. எதிர்ப்பொருள் உருவாக அவகாசமே இருந்திருக்காது. இரண்டு வாரம் கழித்து அவரிடமே எடுத்த சீரத்தில் கோடு தெரிந்தது. இப்போது சீரக் குழாய் கைக்கு வந்ததும், காய்ச்சல் தொடங்கிய தேதி எழுதியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.