மழைக்காலப் படகுக்கு யார் காசு கொடுப்பது?

மும்பையையும் நவி மும்பையையும் இணைக்கும் அடல் சேதுக் கடற்பாலமும் உரண் வரை லோக்கல் ரயிலும் 2024 ஜனவரியில் வந்ததிலிருந்து, நவி மும்பைத் தமிழர்கள் பேச்சில் ஒரு கேள்வி அடிபடுகிறது: பாலம் வந்தாச்சு, ரயில் வந்தாச்சு, இன்னும் படகுக்கு எதற்கு அரசுப் பணம்? கேட்பதில் தப்பில்லை. ஆனால் 21.8 கி.மீ. நீளமுள்ள அந்தச் சேதுவில் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி கிடையாது. ரயிலோ வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு வருகிறது. உரண் பக்கத்து மோரா ஜெட்டியில் (படகுத்துறை) லாஞ்ச் என்ற மோட்டார் படகில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மும்பையின் பாவுச்சா தக்கா துறை. கார் இல்லாதவருக்கு இன்றும் அதுதான் நேர்வழி.

படகுக்குப் பொதுப் பணம் கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் தானாகவே லாபத்தில் ஓடுகிற நடைக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். அரசு கைகொடுக்காவிட்டால் ஓடவே ஓடாத நடைக்கு, விழுகிற துண்டை முழுதாகக் கட்ட வேண்டும்.

கணக்கு எளிது. 150 குதிரைத்திறனில் ஓடும் டீசல் எஞ்சின் மணிக்குச் சுமார் 30 லிட்டர் குடிக்கும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் ஒரு மணி நேர நடைக்கு எண்ணெய்க்கு மட்டும் 2,700 ரூபாய். 80 பேர் ஏறினால் தலைக்கு 34 ரூபாய் விழும். 15 பேர்தான் என்றால் 180. தாண்டேல் (படகை ஓட்டும் தலைவர்), கலாசிகள் (படகுத் தொழிலாளர்கள்) சம்பளம், இன்ஷூரன்ஸ், ஆண்டு சர்வே எல்லாம் ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அதே தொகை. ஜூன் தொடங்கி ஆகஸ்ட் முடிய கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து மாண்ட்வா போகும் லாஞ்சுகள் நின்றுவிடும். மோரா தடம் துறைமுகத்துக்குள்ளேயே இருப்பதால் கடலின் நிலையைப் பார்த்து ஓடும். கூட்டம் குறைகிறது என்று அந்த மாதங்களில் கட்டணத்தைக் கூட்டுவது வழக்கம். வேறு வழியில்லாமல் கொட்டும் மழையில் வருகிறவரிடமே கூடுதல் காசு வாங்குகிறோம். மானியம் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.

டீசலுக்கு மானியம் தருவது அதிகாரிகளுக்குச் சுலபம். ஆனால் அது எரித்த லிட்டருக்குத் தரும் பணம்; எண்ணெய் குடிக்கும் பழைய எஞ்சினை மாற்ற யாருக்கும் மனம் வராது. டிக்கெட்டுக்கு இவ்வளவு என்று கொடுப்பது அதைவிட மோசம். கூட்டம் நிறைந்த நடையில்தான் பணம் குவியும். அளவுக்கு மீறி ஏற்றுவதற்கு அரசே கூலி கொடுத்ததாகிவிடும். 1947 ஜூலை 17 அன்று பாவுச்சா தக்காவிலிருந்து அக்கரையிலுள்ள ரேவஸுக்குக் கிளம்பிய ராம்தாஸ் கப்பல் கவிழ்ந்து 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேல்தளத்தில் பாரம் கூடி, பயத்தில் எல்லோரும் ஒரே பக்கம் ஒதுங்கினால், சாய்ந்த கப்பலுக்கு நிமிரும் திறன் போய்விடும். இந்தத் துறைமுகத்தில் மானியம் பற்றிப் பேசுகிற எவரும் இதை மறக்கக் கூடாது.

நார்வேயில் பெர்கனிலிருந்து கிர்கெனெஸ் வரை 34 துறைமுகங்களைத் தொட்டுப் போகும் கடலோரக் கப்பல் சேவை 1893இல் தொடங்கியது. இன்று அங்கே அரசு வாங்குவது நடைகளைத்தான்: இந்தத் துறைமுகங்கள், இத்தனை நடை, உள்ளூர்ப் பயணிக்கு இத்தனை இடம் என்று ஒப்பந்தம். 2021 முதல் ஹுர்டிகுரூட்டன், ஹவிலா என்ற இரண்டு நிறுவனங்கள் பிரித்து ஓட்டுகின்றன. சுற்றுலாப் பயணி தன் கேபினுக்குத் தானே பணம் கட்டுகிறார்.

மாநிலத்தின் சிறு துறைமுகங்களைக் கவனிக்கும் மகாராஷ்டிரா மாரிடைம் போர்டு இப்படி ஒப்பந்தம் போட்டால் ஒரு ஷரத்தில் மட்டும் மிகக் கவனமாக இருக்க வேண்டும். ஓடாத நடைக்குப் பணம் பிடிக்கலாம். வானிலையால் நின்ற நடைக்குப் பிடிக்கவே கூடாது. பிடித்தால், போகக் கூடாத கடலில் போகச் சொல்லி தாண்டேலை நெருக்குவார்கள். நிறுத்துவதா ஓட்டுவதா என்ற முடிவும் துறைமுக எச்சரிக்கைக் கூண்டைப் பார்த்து வர வேண்டும், முதலாளி வாயிலிருந்து அல்ல. பழுது பார்க்க டிரை டாக் (நீர் வடித்த தளம்) ஏறும் நாட்களுக்கு மாற்றுப் படகு யார் தருவது என்பதையும் அப்போதே எழுதிவிட வேண்டும்.

உண்மையில் பெரிய செலவு ஜெட்டிதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மும்பைத் துறைமுகத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் 4 மீட்டரைத் தாண்டும். நீர் வற்றியதும் பாசி பிடித்த கீழ்ப்படிகள் வெளியே வரும். ஆடுகிற படகிலிருந்து கலாசி கையைப் பிடித்து, முட்டிவலியோடு ஓர் அம்மா அதில் கால் வைக்க வேண்டும். மோராவிலும் ரேவஸிலும் சேறு படிந்து, வற்று நேரத்தில் படகு ஜெட்டியை நெருங்கவே முடியாமல் போகும். இதற்குத் தீர்வு ஏற்றத்தோடு ஏறி இறங்கும் மிதவை மேடை, அதற்கும் கரைக்கும் நடுவே கேங்வே என்ற நடைபாலம். 4 மீட்டர் இறக்கத்துக்கு 12 மீட்டர் கேங்வே போட்டால் வற்று நேரத்தில் சரிவு மூன்றுக்கு ஒன்று. சக்கர நாற்காலி போகாது, மீன் கூடைக்காரரும் தடுமாறுவார். பன்னிரண்டுக்கு ஒன்று வேண்டுமானால் 48 மீட்டர் நீளம் தேவை. அதோடு ஆண்டுதோறும் தூர்வார நிரந்தர ஒதுக்கீடும் வேண்டும், இல்லாவிட்டால் மேடையே சேற்றில் உட்கார்ந்துவிடும். நெரூலில் 100 கோடிக்கு மேல் கொட்டிக் கட்டிய ஜெட்டி ஆண்டுக்கணக்கில் பயணியைப் பார்க்காமல் கிடந்தது. யானையை வாங்கியவர்கள் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்தார்கள். 2022இல் தொடங்கிய பேலாப்பூர் வாட்டர் டாக்சியில் ஸ்பீடு போட்டுக்கு 800 ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். தினம் வேலைக்குப் போகிறவர் அதில் எப்படி ஏறுவார்?

பழைய கப்பல்களைக் காப்பது வேறு விஷயம். அங்கே நான் கையைக் கொஞ்சம் இறுக்கவே சொல்வேன். 1997இல் ஓய்வு பெற்ற விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்த் மும்பையில் மிதக்கும் அருங்காட்சியகமாக இருந்து, 2012இல் பாதுகாப்புக் காரணத்தால் மூடப்பட்டு, 2014இல் சுமார் 60 கோடிக்குப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. போர்க்கப்பலுக்கே அந்த கதி. பயணிக் கப்பல்களில், மதராஸிலிருந்து சிங்கப்பூருக்கு நம்மவர்களைச் சுமந்த 1926ஆம் ஆண்டு ரஜூலாவும் 1970களில் உடைபட்டுப் போனது.

மக்கள் பார்ப்பது பெயிண்டை. பணம் போவது தண்ணீருக்கு அடியில். டிரை டாக்கில் ஏற்றி, சிப்பி சுரண்டி, அல்ட்ராசோனிக் கருவியால் தகட்டின் கனத்தைக் கட்டம் கட்டமாக அளப்பார்கள். 10 மி.மீ. தகடு 7.5க்கு இறங்கியிருந்தால் வெட்டி மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். காற்றும் உப்புநீரும் மாறி மாறிப் படும் நீர்மட்டக் கோடும், கழிவறைக்கு அடியில் உள்ள தகடும் முதலில் அரிக்கும். ரிவெட் (இணைப்பு ஆணி) அடித்த கப்பல் உடல் என்றால் வெல்டிங் சூட்டிலேயே பக்கத்து ரிவெட்டுகள் தளர்ந்து கசியத் தொடங்கும். குழாய்களைச் சுற்றிய ஆஸ்பெஸ்டாஸை அகற்றுவது தனிச் செலவு.

ஸ்காட்லாந்தின் வேவர்லி என்ற துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் 1947இல் ஓடத் தொடங்கி, 1974இல் ஒரு பவுண்டுக்கு ஆர்வலர் சங்கத்திடம் வந்தது. கொதிகலன் கெட்டு 2019 பருவம் முழுக்க நின்றபோது, தேவைப்பட்ட 23 லட்சம் பவுண்டில் அரசு 10 லட்சம் தந்தது. பொதுமக்கள் நன்கொடையும் சேர்ந்து 2020இல் மறுபடி ஓடியது. அந்த அளவு எனக்குச் சரியென்று படுகிறது. உடலுக்கும் கொதிகலனுக்கும் அரசு ஒரு பங்கு தரலாம், அதுவும் அடுத்த டிரை டாக் செலவை முன்கூட்டியே வங்கியில் போட்டுக் காட்டினால். அன்றாட ஓட்டச் செலவு டிக்கெட்டிலிருந்து வரட்டும்.

நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பலுக்கும் இதே அளவுகோல்தான். 2023 அக்டோபர் 14 அன்று செரியாபாணி என்ற கப்பல் கிளம்பி, சில நாட்களிலேயே வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு நின்றது. 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பல் அந்தச் சேவையை மறுபடி தொடங்கியது. இந்திய அரசும் அதற்கு நிதி உதவி அறிவித்தது. தரட்டும். அறிவித்த நடை எத்தனை, ஓடியது எத்தனை, வானிலையால் நின்றது எத்தனை என்று மாதந்தோறும் இரண்டு துறைமுகத்திலும் பலகையில் எழுதி வைப்பதை அந்த உதவியின் முதல் நிபந்தனையாக்க வேண்டும்.