கலைப்பிரிவிலிருந்து அமெரிக்க மருத்துவக் கல்லூரிக்கு

இளங்கலையில் அறிவியல்தான் படித்திருக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் கேட்பதில்லை. வரலாறோ வணிகமோ படித்தவர்கள் சில பாடங்களைத் தனியே முடித்தால் போதும். பெரும்பாலான இடங்களில் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவை ஆய்வகத்தோடு ஓராண்டு வீதம் வேண்டும். பல இடங்களில் உயிர்வேதியியலும். காலத்தைத் தின்பது வேதியியல்தான். பொது, கரிம, உயிர் என்று ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. அதனால் முதல் பருவத்திலேயே பொது வேதியியலைத் தொடங்கிவிடுங்கள். வேலையையும் பார்த்துக்கொண்டு ஒரே பருவத்தில் மூன்று ஆய்வகப் பாடங்களை எடுக்க வேண்டாம். மதிப்பெண் சரிந்து, பாடத்தைத் திரும்பப் படித்தாலும் ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பத்தில் பழைய மதிப்பெண்ணும் சராசரியில் சேரும்.

மருத்துவக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான எம்கேட்டின் மதிப்பெண் 472 முதல் 528 வரை. அதன் நான்கு பகுதிகளில் கார்ஸ் என்பது முழுக்க வாசித்துப் பகுத்தாய்வது: 90 நிமிடம், 53 கேள்விகள். கலைப்பிரிவினருக்குக் கைகொடுக்கும் இடம். உயிர்வேதியியலை முடிக்காமல் மட்டும் தேர்வுக்குப் போகாதீர்கள்.

விண்ணப்பத்தில் எழுத வேண்டிய ‘ஏன் மருத்துவம்’ என்ற கட்டுரைக்கு, இடைவெளி உட்பட 5,300 எழுத்துகள் வரைதான் இடம். பழைய தொழிலைக் குறை சொல்லி அதை வீணாக்காதீர்கள். நோயாளிகளின் பக்கத்தில் இருந்து கண்டதை எழுதுங்கள். விண்ணப்பத்தை ஜூனிலேயே அனுப்பிவிடுங்கள். சரிபார்ப்புக்கே வாரக்கணக்கில் ஆகும், பல கல்லூரிகள் வந்த வரிசையில் நேர்காணலுக்கு அழைக்கத் தொடங்கிவிடும்.