பென்சிலால் எழுதிய பெயர்கள்

போன மார்கழியில் ஒரு நாள் நள்ளிரவில் என் கைத்தொலைபேசி அடித்தது. லண்டனில் அந்த நேரத்தில் ஊரிலிருந்து அழைப்பு வந்தால் நெஞ்சு பதறும். பதறிக்கொண்டுதான் எடுத்தேன். பேசியது எங்கள் சமூகக்கல்வி சேர். யாழ்ப்பாணத்தில் அப்போது காலை ஐந்தரை மணி. தேத்தண்ணி குடித்துவிட்டு மேசையில் வந்து இருந்திருக்கிறார்.

"பிள்ளை, உம்மடை அம்மம்மாவின்ரை அம்மாவுக்கு என்ன பேர்?"

சுகம் விசாரிக்கவில்லை, நேரம் என்ன என்று கேட்கவில்லை. இதே கேள்வியை 1979இல் எட்டாம் வகுப்பில் வைத்து என்னிடம் கேட்டவர். அன்றைக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

சேரின் பெயரை இந்தக் கட்டுரையில் நான் எழுதவில்லை. எங்கள் சங்கத்தின் மலரில் உங்களைப் பற்றி எழுதப்போகிறேன் என்றபோது, எழுது, ஆனால் பெயரும் குடும்ப விவரமும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரிடம் படித்தவர்களுக்கு இரண்டாவது பந்தியிலேயே ஆள் யாரென்று விளங்கியிருக்கும்.

அந்த எட்டாம் வகுப்புப் பாடம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. கரும்பலகையின் அடியில் "நான்" என்று எழுதி, அதிலிருந்து மேலே இரண்டு கோடு, பிறகு நான்கு, பிறகு எட்டு என்று வரைந்தார். அடுத்த நாள் எல்லோரும் கொப்பியில் நிரப்பிக்கொண்டு வரவேண்டும். நிரப்பிக்கொண்டு வந்தோம். 38 கொப்பியையும் வாங்கிப் பார்த்தவர், எதையும் திருத்தாமல் திருப்பித் தந்தார். "ஆம்பிளையளின்ரை பேர் எல்லாம் இருக்கு. பூட்டிமாரின்ரை பேர் ஒருத்தரிட்டையும் இல்லை. போய்க் கேட்டுக்கொண்டு வாருங்கோ" என்றார். நான் போய் அம்மம்மாவைக் கேட்டேன். "நாங்கள் ஆச்சி எண்டுதான் கூப்பிடுறது" என்று சொல்லிவிட்டு அவ அடுப்படிக்குப் போய்விட்டா. என் கொப்பியில் அந்தக் கட்டம் வெறுமையாகவே கிடந்தது.

சேர் 1939இல் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் பிறந்தவர். தகப்பன் கமக்காரர். வெங்காயமும் புகையிலையும்தான் வீட்டு வருமானம். தாய்வழிப் பேரன் மலாயாவில் இரயில் பகுதியில் கிளாக்கராக இருந்து பென்சனோடு திரும்பியவர். அந்தப் பென்சனில்தான் சேர் படித்தார். இலவசக் கல்வி வந்திருந்தாலும் கொப்பிக்கும் சட்டைக்கும் காசு வேண்டுமே. பலாலி ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து, மலைநாட்டில் சில வருடம், மன்னாரில் சில வருடம், பிறகு எங்கள் பள்ளிக்கூடம். 60 வயதில் ஓய்வு. அவருடைய உத்தியோகத்தைப் பற்றி இவ்வளவு போதும். சைக்கிளில் வந்தார், சைக்கிளில் போனார், ஒரு நாளும் பிந்தவில்லை.

அவர் பரம்பரை தேடத் தொடங்கியது ஓய்வு பெற்ற பிறகு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த பிறகு வந்த முதல் பாடத்தில் அவர் ஒன்றும் படிப்பிக்கவில்லை. மேசையில் கையூன்றி நின்றார். 97,000 புத்தகம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்ட கணக்கு எங்களுக்கும் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு பிரதிதான் இருக்குது எண்டால், அது இல்லை எண்டு நினையுங்கோ" என்றார். அன்று பின்னேரமே வீட்டில் இருந்த பழைய உறுதிகளை, அதாவது காணிப் பத்திரங்களை, கையால் பிரதி எடுக்கத் தொடங்கினார் என்று பின்னாளில் அவருடைய மனைவி, எங்கள் ரீச்சர், சொன்னா. ஒரு பிரதி வீட்டில், ஒன்று தங்கை வீட்டில். அதுதான் தொடக்கம்.

அவர் தேடிய விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள், எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பி, எந்த நாட்டு இரத்தம் எத்தனை வீதம் என்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும், பிழையில்லை. ஆனால் அந்த அறிக்கையில் ஒரு மனுசியின் பெயரும் வராது.

எங்கள் பக்கத்தில் செத்தவீடு முடிந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிப்போமே, அந்தச் சின்னப் புத்தகங்களை அவர் வீடு வீடாகப் போய்ச் சேர்த்தார். உள்ளே திதி வெண்பா இருக்கும், வமிச வரலாறு இருக்கும், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் இருக்கும். அநேகம் பேர் அதை ஒருமுறை புரட்டிவிட்டு அலுமாரிக்கு மேலே போட்டுவிடுவார்கள். சேர் வெண்பாவிலிருந்தே திகதியைப் பிடிப்பார்.

ஒருமுறை அட்டை கிழிந்த ஒரு கல்வெட்டு கிடைத்தது. அச்சடித்த ஆண்டு இல்லை. வெண்பாவில் பிரபவ வருடம், ஆவணி மாதம், பூர்வபக்கம் என்று மட்டும் இருந்தது. நம்முடைய வருடப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. பிரபவ என்றால் 1867ஆகவும் இருக்கலாம், 1927ஆகவும் இருக்கலாம். வமிச வரலாற்றில் அதைத் தீர்க்க ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் மக்கள் புலம்பலில் ஒரு வரி. மலாயாவில் புகைவண்டிப் பகுதியில் இருந்த மகன், கப்பலேறி வரமுன்பு போய்விட்டீர்களே ஐயா என்று அழுகிறான். மலாயாவில் முதல் இரயில் ஓடியது 1885இல், தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு. அப்படியென்றால் 1867 ஆக முடியாது. 1927தான். இதை எனக்குச் சொன்னபோது சேருக்கு 70 வயது தாண்டியிருந்தது. குரலைக் கேட்டால் முதல் பரிசு வாங்கிய பொடியன் மாதிரி இருந்தது.

ஆனால் கல்வெட்டிலும் அதே குறைதான். ஆண்களுக்குப் பெயர் உண்டு, பெண்கள் "இன்னாரின் பாரியார்" என்று நின்றுவிடுவார்கள். பெண்களின் பெயரைக் காப்பாற்றி வைத்திருந்தது சீதன உறுதி. இதைக் கண்டுபிடித்ததுதான் சேரின் பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன்.

1707இல், ஒல்லாந்தர் ஆட்சியில், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி எங்கள் ஊர் வழக்கச் சட்டமான தேசவழமையைத் தொகுத்து, 12 முதலிமார், அதாவது ஊர்த் தலைவர்கள், படித்துப் பார்த்துச் சரி என்றார்கள். அதன்படி தகப்பன்வழிச் சொத்தான முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு, தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கு. பின்னால் சட்டம் மாறினாலும் வழக்கம் முழுதாக விடவில்லை. அதனால் ஒரு வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் நொத்தாரிசு உறுதி முடிப்பார். அதில் காணியின் பெயர், எத்தனை பரப்பு, எத்தனை குழி, நாலு எல்லையிலும் யாருடைய காணி என்பதெல்லாம் வரும். அதோடு, இது எனக்கு எப்படி உரித்தானது என்றும் எழுதவேண்டும். "என் தாயார் இன்னார் எனக்குச் சீதனமாகத் தந்தபடி" என்று அங்கே பெயர் வந்துவிடும். எல்லையிலும் பெண்களின் பெயர்தான் அதிகம், வடக்கே இன்னார் பெண் இன்னார், கிழக்கே ஒழுங்கை என்று. ஒரு உறுதியைப் பிடித்தால் அதற்கு முந்தின உறுதியின் இலக்கமும் ஆண்டும் கிடைக்கும். அதைப் பிடித்தால் அதற்கும் முந்தினது. இப்படிப் படியேறிப் படியேறி, தன் தாய்வழியில் ஏழு பெண்களை ஒருவருக்குப் பின் ஒருவராகச் சேர் கண்டுபிடித்தார்.

எழுதுவதில் அவருக்கு ஒரு கட்டுப்பாடு. உறுதியில் தன் கண்ணால் பார்த்த பெயரைப் பேனையால் எழுதுவார். மற்றவர் சொல்லக் கேட்டதைப் பென்சிலால் எழுதுவார். எவ்வளவு நெருங்கிய ஆள் சொன்னாலும், சொந்தத் தாய் சொன்னதானாலும், பென்சில்தான். பெரிய ஏட்டுக் கொப்பிகள், ஒவ்வொன்றும் இரண்டு பிரதி. பக்கங்களைப் பார்த்தால் நீல எழுத்துக்கு நடுவே சாம்பல் எழுத்து ஆங்காங்கே நிற்கும்.

இதனால் சொந்தக்காரருக்கு அவர்மேல் மனத்தாங்கலும் வந்தது. எங்கள் வமிசத்தில் ஒரு முதலியார் இருந்தவராம், அவரிலிருந்து தொடங்கி எழுது என்று வெளிநாட்டிலிருந்து ஒரு உறவினர் கேட்டிருக்கிறார். அச்சடிக்கிற செலவு முழுவதும் தன்னுடையது என்றும் சொல்லியிருக்கிறார். சேர் தேடிப் பார்த்தார். முதலியார் கிடைக்கவில்லை. கிடைத்தவர் காணியை ஒற்றி வைத்து மீட்க முடியாமல் தவித்த ஒரு பூட்டன். மனைவியின் சீதனத் தோட்டம் இரண்டு பரப்புத்தான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டிருக்கிறது. அதை அப்படியே எழுதினார். புத்தகம் அச்சாகவில்லை. அந்தக் காசை வாங்காமல் விட்டதற்காகவே அவரைக் கும்பிடவேண்டும் போலிருக்கும் எனக்கு.

1990 யூனில் யுத்தத்தால் வலிகாமம் வடக்குச் சனம் எழும்பி ஓடியபோது சேர் வீட்டிலிருந்து தூக்கியது ஒரு றங்குப் பெட்டி. கொக்குவில்லில் ஒரு உறவினர் வீட்டு விறாந்தையில் ஐந்து வருடம் அந்தப் பெட்டி இருந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணமே நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்ததே, கொட்டுகிற மழையில் அந்தப் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டி, மேலே பொலித்தீன் சுற்றி, ரீச்சர் ஒரு பக்கம் பிடிக்க, தான் ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். மாற்று உடுப்பு கொண்டுபோகவில்லை. நான் அப்போது லண்டன் வந்து நாலு வருடம். செய்தியில் அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்குள் சேரும் நடந்துகொண்டிருந்தார் என்று தெரியாமல்.

பல வருடம் கழித்து இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டபோது போய்ப் பார்த்தால் வீடு இல்லை, வேலி இல்லை, ஒழுங்கைகூட இல்லை. இப்பிலிப்பில் காடாக நின்றது. யாருடைய வளவு எங்கே தொடங்குகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சேர் பெட்டியைத் திறந்தார். எங்கே ஒரு கிணறு தூர்ந்து கிடக்கிறதோ அதை வைத்து, இது இன்னாருடைய பங்குக் கிணறு, இதற்கு மேற்கே இத்தனை பரப்பு இன்னாருடையது என்று பழைய எல்லைகளை வாசித்துச் சொன்னார். உறுதி தொலைத்த அயலவர்களுக்கும் அவருடைய பிரதியிலிருந்து இலக்கமும் ஆண்டும் கிடைத்தன. அதைக் கொண்டுபோய்க் காணிக் கந்தோரில் பதிவைத் தேடி எடுத்தார்கள்.

இப்போது சேருக்குக் கண் மங்கல். ரீச்சர் போய்விட்டா. படித்த பிள்ளைகளின் பரம்பரைகளை ஒவ்வொன்றாக எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறார். 1979இல் எங்கள் வகுப்பு நிரப்பிய அந்தக் கட்டங்களை அன்றே பார்த்து எழுதி வைத்திருந்திருக்கிறார். நள்ளிரவு அழைப்பு அதற்குத்தான். மலரைப் படிக்கிறவர்களிடம் பழைய உறுதியோ கல்வெட்டோ இருந்தால் படம் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள், நான் சேரிடம் சேர்ப்பிப்பேன்.

அந்த அழைப்புக்குப் பிறகு வந்த சனிக்கிழமை, அம்மாவின் சூட்கேசைக் கேட்டு வாங்கித் திறந்தேன். அம்மாவுக்கு இப்போது ஞாபகம் தடுமாறுகிறது. கடவுச்சீட்டுகளுக்கும் கலியாணப் படங்களுக்கும் அடியில், பொலித்தீன் உறைக்குள், மடிப்பில் கிழிந்த ஓர் உறுதி. 1964, அம்மாவின் சீதனம். முடித்துக் கொடுத்தவர் அம்மம்மா. மூன்றாம் பக்கத்தில், "என் தாயார்" என்ற இரண்டு சொல்லுக்குப் பிறகு அந்தப் பெயர் இருந்தது. மை மங்கியிருந்தாலும் எழுத்துத் தெளிவு. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னா, இரண்டு தரம்.

சேருக்கு அழைத்தேன். அப்பாடா கிடைத்துவிட்டது என்ற சந்தோசத்தில் பெயரைச் சொல்லப் போனேன்.

"பொறும் பிள்ளை. கேட்டதே, பார்த்ததே?"

"பார்த்தது சேர். உறுதி என்ரை கையிலை இருக்கு. இப்பவே படம் அனுப்புறன்."

படம் போய்ச் சேரும்வரை இருவரும் பேசவில்லை. கண்ணாடியைத் துடைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெயரை எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தார்.

"ஓம், சரி. ஒருக்கால் நில்லும், பேனையை எடுக்கிறன்."