‘கோ’ என்று தட்டினேன், ஒன்றுமே வரவில்லை

சனிக்கிழமை காலை. கடையைத் திறந்து இன்னும் பசியாறக்கூட உட்காரவில்லை, பெரியம்மா ஒருவர் வந்து நின்றார். முன்பு எங்கள் தோட்டத்தில் இருந்தவர். இப்போது டவுன் பக்கம் அடுக்குமாடி வீட்டில் மகனோடு இருக்கிறார்.

“தம்பி, எங்க மாமியா பேரு அந்த வரி லிஸ்டுல இருக்கும்னு சொன்னாங்க. கொஞ்சம் பாத்துச் சொல்றியாப்பா?”

அந்த லிஸ்ட் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வீடு வீடாக வரி வசூலித்த நோட்டுகள், 1978-லிருந்து 1996 வரை. பெயர், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) நம்பர், எத்தனை வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தார்கள் என்ற கணக்கு, அவ்வளவுதான். தோட்டம் கைமாறி லயங்களை இடித்தபோது கோயில் தலைவர் அவற்றை என்னிடம் கொடுத்தார். 2002-இல் இந்தக் கடையைத் திறந்த புதிதில், ஆள் வராத மத்தியான வேளைகளில் ஒவ்வொரு பெயராகத் தட்டச்சு செய்து ஒரு பக்கமாக்கி வைத்தேன். மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரை 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள், ஆனால் இந்த நோட்டில் வருகிறவர்களுக்கு அது பத்தாங் பெர்ஜுந்தைதான். இங்கேதான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. மலாயாவில் வியாபாரத்துக்கென்று முதன்முதலில், 1917-இல், செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்ட தோட்டம் அது. அதைப் பற்றிப் புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் மரம் வெட்டியவர்கள், குலை அறுத்தவர்கள் பெயரெல்லாம் எங்கே இருக்கிறது? எங்கள் தோட்டத்தைப் பொறுத்தவரை இந்த வரி நோட்டில்தான் இருக்கிறது.

சரி, பெரியம்மாவின் மாமியார் பெயர் ‘கோ’வில் தொடங்கும். (முழுப்பெயர் அவர்கள் வீட்டு விஷயம், இங்கே வேண்டாம்.) என் கைக்கு அருகில் இருந்தது பழைய மடிக்கணினி. முந்தின வாரம்தான் அதில் ஓர் உலாவியின் பீட்டா பதிப்பை, அதாவது சோதனைப் பதிப்பைப் போட்டிருந்தேன். லிஸ்டைத் திறந்து, தேடும் பெட்டியில் ‘கோ’ என்று தட்டினேன். ஒன்றும் இல்லை என்று வந்தது. திரையிலேயே, என் கண்ணெதிரே, நான்காவது வரியில் ஒரு ‘கோ’ இருக்கிறது. இல்லை என்கிறது.

பெரியம்மாவின் முகம் வாடிவிட்டது. “இருக்கு பெரியம்மா, கொஞ்சம் இருங்க” என்று சொல்லி, கடைக் கணினியில் இருக்கும் வழக்கமான பதிப்பில் அதே பக்கத்தைத் திறந்தேன். 41 இடம் காட்டியது. பதினேழாவதாக வந்தது அவர் தேடியது: 1981, ஏழாம் லயம், 3 வெள்ளி. அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் அந்தத் தாளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “அப்ப மூணு வெள்ளிங்கிறது பெரிய காசுப்பா” என்றார். தாளை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

அவர் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. வழக்கமான பதிப்பில் வருவது பீட்டாவில் ஏன் வரவில்லை?

பீட்டா என்பது நாளைக்கு எல்லாருக்கும் வரப்போகிற பதிப்பு. 2008 செப்டம்பரில் குரோம் உலாவி முதன்முதலாக வெளிவந்ததே பீட்டாவாகத்தான், டிசம்பரில்தான் அந்தப் பெயரை எடுத்தார்கள். அப்போதெல்லாம் அடுத்த பதிப்பு எப்போது வருமென்று காத்திருப்போம். இப்போது அப்படியில்லை. பயர்பாக்ஸ் 2020-இலும் குரோம் 2021-இலும் நான்கு வாரச் சுற்றுக்கு மாறின. பீட்டாவில் ஒரு கோளாறு இருந்தால், சொல்வதற்கு நமக்குக் கிடைக்கும் அவகாசம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதற்குள் யாரும் சொல்லாவிட்டால் அது எல்லார் கணினிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஆங்கிலத்தில் ஒன்று உடைந்தால் அன்றைக்கே ஆயிரம் பேர் சொல்வார்கள். தமிழில் உடைந்தால் நாம்தான் சொல்ல வேண்டும்.

அன்று இரவு கடையை மூடிய பிறகு உட்கார்ந்தேன். லிஸ்டிலிருந்து ஒரு ‘கோ’வை நகலெடுத்தேன். பக்கத்தில் நானே புதிதாக ஒரு ‘கோ’ தட்டினேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், இம்மி வித்தியாசம் கிடையாது. உலாவியின் கன்சோலை (கட்டளை தட்டிப் பார்க்கும் பெட்டியை) திறந்து இரண்டின் நீளத்தையும் கேட்டேன். நான் தட்டியதற்கு 2 என்றது. லிஸ்டில் இருந்ததற்கு 3 என்றது.

அப்போதே புரிந்துவிட்டது. 2002-இல் நான் தட்டச்சு செய்தது பழைய எழுத்துரு முறையில். அந்த முறையில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே இருக்கும்: முதலில் இரட்டைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். பின்னால் யுனிகோடுக்கு (எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறைக்கு) மாற்றியபோது, மாற்றிக் கொடுத்த நிரல் கொம்பை எடுத்து ‘க’வுக்குப் பின்னால் வைத்துவிட்டு, காலை அப்படியே தனியாக விட்டிருக்கிறது. ஆக மூன்று துண்டு. இன்றைய விசைப்பலகையில் தட்டினால் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியீடாக வருகிறது. ஆக இரண்டு துண்டு. யுனிகோடு தரத்தின்படி இந்த இரண்டும் ஒரே எழுத்து. தேடும்போது இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்க வேண்டும். வழக்கமான பதிப்பு அப்படித்தான் பார்த்தது. பீட்டாவில் தேடும் பெட்டியைப் புதிதாகச் செய்திருந்தார்கள், அதில் இந்தச் சமன்பாடு விட்டுப்போயிருக்கிறது.

‘கோ’ மட்டும் என்று நினைக்க வேண்டாம். கொ, சொ, தோ, பொ, மோ என்று கொம்பும் காலும் சேர்ந்த எழுத்து எல்லாமே இப்படித்தான். கோயில், பொங்கல், தோட்டம், சொந்தம் எதைத் தேடினாலும் கிடைக்காது.

என் மகள் சொன்னாள், “அப்பா, லிஸ்ட மாத்திட்டா போதுமே, ஒரு நிமிஷ வேலை.” உண்மைதான். நார்மலைஸ் என்ற ஒரு கட்டளையில் மூன்றெல்லாம் இரண்டாகிவிடும். ஆனால் என் லிஸ்ட் ஒன்றுதானா? மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கிய காலத்திலிருந்து நம் மக்கள் கணினியில் தமிழ் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். யுனிகோடு பரவும் முன்னே எத்தனையோ எழுத்துருவில் எழுதி, பிறகு மாற்றிய பக்கங்கள் எவ்வளவு இருக்கும்! எழுதியவர்களில் சிலர் இன்று இல்லை. அந்தப் பக்கங்களைத் திருத்த யார் வருவார்கள்? உலாவி சரியாக இருந்தால் அவை எல்லாம் தேடக் கிடைக்கும்.

அதனால் லிஸ்டைத் தொடவில்லை. இரண்டே வரி உள்ள ஒரு சின்னப் பக்கம் செய்தேன். முதல் வரியில் இரண்டு துண்டு ‘கோ’, அடுத்த வரியில் மூன்று துண்டு ‘கோ’. என்ன செய்தேன், என்ன வர வேண்டும், என்ன வந்தது என்று எழுதினேன். என் ஆங்கிலம் பெரிய ஆங்கிலம் இல்லை, மகள் ஒரு தடவை பார்த்துக் கொடுத்தாள். பழைய பதிப்பில் சரியாக இருந்தது என்பதை மறக்காமல் முதல் வரியிலேயே போட்டேன். அது முக்கியம். புதிதாக உடைந்தது என்று தெரிந்தால்தான் அவசரமாகப் பார்ப்பார்கள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. எந்தக் கணினி, எந்த விசைப்பலகை என்று கேட்டிருந்தார்கள், சொன்னேன். அடுத்த வாரம் வந்த பீட்டாவில் ‘கோ’ என்று தட்டினேன். 41.

நீங்களும் முயல நினைத்தால் ஒன்று சொல்கிறேன். பீட்டாவைத் தனிக் கணக்கில் போடுங்கள், வழக்கமான உலாவியின் கடவுச்சொற்களை அதற்குள் கொண்டுபோக வேண்டாம். வங்கி வேலை, அரசாங்கப் பாரம் எதையும் அதில் செய்யாதீர்கள். கடைக்கு உதவித்தொகைப் பாரம் நிரப்ப வருகிறவர்களுக்கு நான் அதைத் திறப்பதே இல்லை. உங்களிடம் இருக்கும் பழைய தமிழ்ப் பக்கங்களைத் திறந்து பாருங்கள், தேடுங்கள், நகலெடுத்து ஒட்டுங்கள், அச்செடுங்கள்.

இப்போது நான் பார்த்துக்கொண்டிருப்பது ‘ஸ்ரீ’. லிஸ்டில் 14 இடத்தில் இருக்கிறது, தேடினால் 6 தான் வருகிறது. 2005-இல் யுனிகோடில் ‘ஶ’ சேர்த்த பிறகு இதை ஸ் போட்டும் எழுதலாம், ஶ் போட்டும் எழுதலாம் என்றாகிவிட்டது. ‘கோ’வைப் போல இவை இரண்டும் ஒன்றே என்று தரம் சொல்லவில்லை. அதனால் இதைக் கோளாறு என்று எழுத முடியாது, வேண்டுகோளாகத்தான் எழுத வேண்டும். இரண்டு வரிப் பக்கம் தயார். மகள் டியூஷன் முடிந்து வந்ததும் ஆங்கிலத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.