எத்தனை மணிக்கு?

"வரையணும்னு ரொம்ப நாளா ஆசை சார். சின்ன வயசுல அக்காவும் நானும் எப்பவும் வரைஞ்சுக்கிட்டே இருப்போம்."

கூட வேலை பார்ப்பவர் இதைச் சொல்லி வாய் மூடுவதற்குள் என் கேள்வி வந்துவிட்டது: "எத்தனை மணிக்கு?"

தவறான கேள்வி இல்லை. 'சாயங்காலம் வரைவேன்' என்று சொல்பவர் வரைய மாட்டார். சாயங்காலம் என்பது ஒரு கணமல்ல, நழுவிக்கொண்டே போகும். 'ராத்திரி பாத்திரம் கழுவிக் கை துடைத்ததும், மேசையின் இந்த மூலையில், 15 நிமிடம், கண்ணெதிரே இருக்கும் ஒரே ஒரு பொருள்' என்றால் அது நடக்கும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் எழுதிய கட்டுரையின் சாரமும் இதுதான்: 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்பே கட்டிவைத்துவிட்டால், களைத்த நேரத்தில் மனசோடு பேரம் பேச வேண்டியதில்லை.

மற்றதையும் சொன்னேன். பென்சிலை முந்தின இரவே சீவி, நோட்டை வெற்றுப் பக்கத்தில் திறந்து வைக்க வேண்டும். தேடி எடுக்கும் இரண்டு நிமிடத்தில்தான் பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். அளவை உற்சாகமான நாளை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. உடம்பு முடியாத நாளில் எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் அளவு. ஒரு நாள் விட்டுப்போனால் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டாம். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதை நம்பி 22-ஆம் நாள் சோர்ந்துபோகிறவர்கள் நிறைய. ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் நிலையை எட்ட ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை என்று கணக்கு வந்தது. நடு மதிப்பு 66. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பைச் செய்யவில்லை.

அவர் எல்லாவற்றையும் செய்தார். ஒன்பது வாரம், நாலே நாள்தான் தவறியது. பிறகு வந்து சொன்னார்: "தினமும் உட்கார்றேன் சார். கை ஓடுது. மனசுதான் ஒட்டல. எனக்கு அந்த ஆசையே இல்ல போலிருக்கு."

இந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. செய்துபார்க்காமல் இருந்திருந்தால் இதுகூடத் தெரிந்திருக்காது, இன்னும் பத்து வருஷம் ஏக்கமாகவே கிடந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மையும்கூட. ஆனால் ஏக்கமாகக் கிடந்த ஒன்றைப் பொய்யென்று அவரே முடிவுகட்டும்படி ஆகிவிட்டதே. அவர் சொன்ன முதல் பேச்சைத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். 'வரையணும்' என்றார், உடனே 'இருப்போம்' என்றார். பன்மை. ஆசை பென்சிலில் இருந்ததா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் இருந்ததா? யாருமில்லாத மேசை மூலையை நான்தானே ஒதுக்கிக் கொடுத்தேன்.

ஆசையைச் செயலாக்க கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் வகுத்த முறையில் திட்டம் நாலாவது படி. முதலில் ஆசை. அது நிறைவேறினால் எந்தக் கணம் நெஞ்சை நிறைக்கும் என்பது அடுத்தது. உள்ளிருந்து தடுப்பது எது என்பது மூன்றாவது. நடுவில் உள்ள இரண்டையும் தாண்டி நான் நாலாவதற்குப் போனேன். "வரையும்போது கூட யார் இருக்காங்க? முடிச்ச படத்தை யாரும் பார்க்கலன்னா பரவாயில்லையா?" என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். பழக்கமாக்கும் முன் தனியாக ஒரு தடவை, யாருடனாவது சேர்ந்து ஒரு தடவை என்று வரைந்து பார்க்கச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் இதிலும் முழு நம்பிக்கை வரவில்லை. இனிய காட்சியிலேயே திளைத்தால் அதை எட்டும் முனைப்பு குறைகிறது என்பதையும் அதே ஓட்டிங்கன்தான் காட்டியிருக்கிறார். கேட்டுக்கொண்டே போயிருந்தால் அரை மணி நேரம் பழைய கதை பேசி, மனசு நிறைந்து, எதுவும் தொடங்காமல் எழுந்து போயிருப்பாரோ என்னவோ. அப்படிப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அக்காவைக் கூப்பிட்டுச் சேர்ந்து வரைந்து பாருங்கள் என்று இப்போது சொல்லலாம். "கூப்பிடணும் சார், ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டே இருக்கேன்" என்பார். அப்போதும் அந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.