முங்கினாலும் நனையாத ஈ

மோனோ ஏரிக்கு நான் போனது பாறைகளைப் பார்க்கத்தான். கலிபோர்னியாவில், சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கே, லீ வைனிங் என்ற சிற்றூரை ஒட்டி இருக்கிறது அந்த ஏரி. தென்கரையில் சுண்ணாம்புத் தூண்கள் கோபுரம் கோபுரமாக நிற்கும். நான்கு படம் எடுத்துக்கொண்டு கிளம்புவதாகத் திட்டம்.

கரையோரம் கரும்பட்டை ஒன்று நீண்டு கிடந்தது. ஈரமண் என்று நினைத்துக் கால் வைத்தேன். பட்டை எழுந்து பறந்து, இரண்டடி தள்ளி மறுபடி படுத்துக்கொண்டது. அத்தனையும் ஈ! ஆனால் ஒன்றுகூட என்மேல் உட்காரவில்லை. நம் வீட்டு ஈக்களுக்கு இந்த மரியாதை தெரியாது.

குத்தவைத்துப் பார்த்தேன். ஓர் ஈ பாறையைக் கால்நகங்களால் பற்றியபடி தண்ணீருக்குள் நடந்தே இறங்கியது. உடலைச் சுற்றி வெள்ளியாய் மின்னும் காற்றுக் குமிழி. கண்கள் மட்டும் வெளியே. பாசியை மேய்ந்து முடித்ததும் பிடியை விட்டது, மேலே மிதந்து வந்தது, பொட்டு ஈரமில்லாமல் பறந்துவிட்டது.

அது சாதாரணத் தண்ணீர் அல்ல. கடலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு உப்பு. கார்பனேட் மிகுந்து, தொட்டால் சோப்புத் தண்ணீராக வழுக்குகிறது. மீனே கிடையாது. அதனால் ஈயின் புழுக்களுக்கு நீருக்கடியில் மீன் பயமில்லை. கரை ஒதுங்கும் கூட்டுப்புழுக்களைக் குட்ஸாடிகா பழங்குடியினர் உலர்த்தி, தோல் நீக்கி உண்டார்கள். ஈசல் வறுத்துத் தின்ற ஊர்க்காரன் எனக்கு இதில் முகம் சுளிக்க ஒன்றுமில்லை.

ஏரியில் சேரும் ஓடைகளை 1941 முதல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் தன் குடிநீருக்குத் திருப்பிக்கொண்டது. நீர்மட்டம் சரிந்துதான் நான் படமெடுத்த கோபுரங்கள் வெளியே தெரிந்தன. 1994இல் மாநில நீர்வள வாரியம் கடிவாளம் போட்டது.

மாலையில் விடுதியில் உட்கார்ந்து ஈயைப் பற்றித் தேடினேன். கால்டெக் என்ற கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வான் பிரூகலும் டிக்கின்சனும் 2017இல் வெளியிட்ட ஆய்வு கிடைத்தது. மற்ற ஈக்களை எளிதில் நனைத்துவிடும் அந்தக் கார்பனேட் நீரிலும் இதைக் காப்பவை அடர்ந்த மயிரும் மெழுகுப் பூச்சும். ஆனால் சன்ஸ்கிரீன் களிம்பின் எண்ணெய் நீர்மேல் படர்ந்தால் இதுவும் நனைந்துவிடுமாம். முழங்கை வரை அதைப் பூசிக்கொண்டுதான் மதியமெல்லாம் ஏரியை அளைந்திருந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் முழுக்கைச் சட்டையோடு மீண்டும் போனேன், களிம்பு இல்லாமல். கடற்காகம் ஒன்று அலகைத் திறந்தபடி கரும்பட்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.